டயர்ப் பூ அறிந்த அம்மாசி அண்ணனுக்கு

பிடிப்பு, சொகுசு, தேய்மானம் என மூன்றையும் மூச்சாய்க் கொண்ட முன்னோடியே! லூனாஸ் வட்டாரத்துக் காடிகள் கால் வழுக்காமல் ஓடக் காரணமான காவலரே! அழகம்மா டயர் நிலையத்தின் அன்பு அண்ணனே, அம்மாசி அண்ணனே, வணக்கம்!

எந்த டயர் நல்ல டயர் என்று கேட்டு வந்த எவருக்கும் முப்பது ஆண்டுகளாகத் தாங்கள் நேராகப் பதில் சொன்னதில்லை. எந்தச் சடக்கில் ஓட்டுகிறீர்கள் என்றே திருப்பிக் கேட்பீர்கள். செம்பனை லோரிக்குப் பின்னால் செம்மண் சடக்கில் போகிறவருக்கு ஒன்று, கூலிம் தொழிற்சாலைக்கு நெடுஞ்சாலையில் பறக்கிறவருக்கு வேறொன்று. ஜப்பானோ கொரியாவோ, எந்தக் கம்பெனி டயர் வந்தாலும் முதலில் தங்கள் சொந்தக் காடியில்தான் ஏறும். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் இன்னொரு ஜோடி, பிறகு இடம் மாற்றி. மழை கொட்டினால் நாங்கள் கடைக்குள் ஓடுவோம். தாங்களோ ஈரத்தில் பிரேக் பிடித்துப் பார்க்கச் சாவியோடு வெளியே ஓடுவீர்கள்! சொகுசுக்கு மட்டும் தாங்கள் தங்களை நம்பியதில்லை. குணவதி அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் இடுப்பு சொன்னதையே தீர்ப்பாக ஏற்றீர்கள்.

அந்தத் தீர்ப்பு போன தீபாவளியோடு நின்றுபோனது. தேய்மானம் பார்க்கிறேன் என்று ஒரு ஜோடியை மொட்டையாகும்வரை ஓட்டினீர்கள். டயரில் வெட்டியிருக்கும் வரிகளை மலாய்க்காரர்கள் 'புங்கா' என்பார்கள். நாமும் பூ என்றே சொல்கிறோம். பூ இருக்கிறதா, பூ தேய்ந்துவிட்டதா என்று நாள் முழுக்கக் கடையில் பேசும் தாங்கள், பூ இல்லாத காடியில் ஏற மாட்டேன் என்று அண்ணி சொன்னதும் என்ன செய்தீர்கள்? கூலிம் வரை போய் மல்லிகைச் சரம் வாங்கி வந்து கண்ணாடியில் தொங்கவிட்டீர்களே, அண்ணே! அன்று முதல் அண்ணி தம் தங்கையின் காடியை ஓட்டிக்கொண்டு கோவிலுக்குப் போகிறார். தாங்கள் பின்னால் தனியாகப் போகிறீர்கள். ஊரே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். ஆனால் பக்கத்து இருக்கையைத் தாங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தபோது எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

ஆகவே இன்று பணி ஓய்வு பெறும் தங்களுக்குப் பரிசாக மோதிரம் வேண்டாம், நான்கு டயர் கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். எந்தக் கம்பெனி என்பதில்தான் கடையே மூன்றுபட்டது! மழையில் பிடித்து நிற்பது இதுதான் என்று டயர் மாட்டும் லுக்மான் ஒன்றைத் தூக்கினார். சத்தமே வராதது இதுதான் என்று கணக்கர் பிரேமாவதி இன்னொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதலாளியோ சீக்கிரம் தேயாதது என்று மூன்றாவதைக் காட்டினார். சண்டை முற்றியதும், தங்களுக்குத் தெரியாமல் அண்ணியையே கூப்பிட்டோம். தங்கள் காடியைப் போலவே பிரேமாவதியிடமும் ஒன்று இருக்கிறதே, அதில் மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டித் தோட்டத்துச் சடக்கில் அவரைச் சுற்றிக் காட்டினோம். கடைசியில் இறங்கி நின்று, அண்ணி ஒன்றைக் கைகாட்டினார். எதை என்று இங்கே சொல்ல மாட்டோம்.

உறுதி குலையாத உடலோடும், கலகலப்புக் குறையாத வீட்டோடும், அண்ணனே, தாங்கள் நீடு வாழ்க! மனமார வாழ்த்துகிறோம்.

இந்த மடலை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து தங்கள் கண்கள் அண்ணியைத் தேடுவது எங்களுக்குத் தெரியும். அவர் மண்டபத்தில் இல்லை. புது டயர் நான்கும் மாட்டிய தங்கள் காடியில் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் ஸ்டியரிங்குக்கு முன்னால்! தங்களிடம் சொல்லச் சொன்னது இது: "பேச்செல்லாம் போதும், அவர வரச் சொல்லுங்க லா. இன்னிக்கு நான் ஓட்டுறேன்."

மாலையைக் கழற்ற வேண்டாம், அண்ணே. அப்படியே எழுந்து போங்கள்!

அன்பு மாறாத,
அழகம்மா டயர் நிலையத் தொழிலாளர்கள்,
லூனாஸ், கெடா.