சடைச்சி கண்ணு

டேய் மாசாணம், அந்தக் கம்பளிய விட்டு வெளிய வாடா. நீ குந்தியிருக்கறதப் பாத்தா அடைகாக்குற கோழியே தோத்துரும். உள்ள எத்தன முட்டைடா வச்சிருக்க? சிரிக்காதீங்கடா, நீங்க மட்டும் யோக்கியமா? பனி எறங்குது, கோழிக்கூடு மெழுகணும், வாங்கடான்னா ஊரே கெளம்பி வந்துட்டீங்க. மண்ணுல கெடக்குறது என் கை மட்டுந்தான். சரி, கையத்தான் குடுக்க மாட்டீங்க, காதையாவது குடுங்க.

ரொம்பக் காலம் முந்தி, இதே மலைமேல, ரோடும் இல்லாம, பஸ்ஸும் இல்லாம, நம்மள மாதிரி தண்டச்சோறும் இல்லாம ஊரு நல்லா இருந்த காலத்துல, சடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் இல்ல. ஒரே மக, குருவம்மா. ஒரு கூடு கோழி. அவ்வளவுதான். ஆனா வாயி? அப்படி ஒரு வாயாம். சேவல் கூவ நேரமாச்சுன்னா, "ஏன்டா, எவ வீட்டுல தூங்கிட்டு வர்ற?"ன்னு அதையே கேப்பாளாம்.

அந்த வருசம் மார்கழிக்கு முன்னாடியே பனி எறங்கிருச்சாம். பில்லு மேல உப்பக் கொட்டுன மாதிரி கெடக்குமாம். அந்த நேரம் பாத்து குருவம்மாவுக்குப் பொம்பளப்புள்ள பொறந்திருக்கு. அப்பல்லாம் புள்ள பெத்தவளுக்கு ஊரோரமா தனிக் குடிசை. தீட்டுக் கழியிற வரைக்கும் தாயும் புள்ளையும் அதுக்குள்ளதான். குளிருக்கு செவுத்துச் சந்துபொந்தையெல்லாம் மண்ணால அடைச்சு, உள்ள கரிநெருப்புச் சட்டி வைப்பாங்களாம். கூரை ஓரத்த மட்டும் விட்டுருவாங்க. இந்த வருசக் குளிரு பொல்லாததுன்னு சடைச்சி அதையும் அடைச்சா. தன் கையாலயே அடைச்சா.

"குளிருதாடி?"ன்னு வெளிய இருந்து கேட்டாளாம்.

"கதகதன்னு இருக்குத்தா. நீ போயி கோழியப் பாரு"ன்னாளாம் மக.

கோழி எதுக்கு? பெத்தவளுக்குப் பத்தியக் கொழம்பு வைக்கத்தான். அத விட்டா வேற தெம்பு ஏது?

பொழுது சாயிறதுக்குள்ள கூட்டுக்கு வந்தா. பழைய எச்சத்தச் சுரண்டுனா. செள்ளுப்பூச்சி ஏறாம சாம்பலத் தூவுனா. காஞ்ச பில்லு பரப்புனா. குளிர்ல படுக்கப் போற வயிறுன்னு கேப்பைய ஒரு கை கூடவே போட்டா. கோழிக்கு எவளும் நெருப்புச் சட்டி வைக்க மாட்டா, இவ வச்சா. மகளுக்குப் பூசுன மண்ணு மிச்சம் இருந்துச்சுல்ல, அத எடுத்து கூட்டையும் உச்சி வரைக்கும் பூசிட்டா. "எம் மக மாதிரி நீங்களும் சொகமாத் தூங்குங்க"ன்னாளாம்.

விடிஞ்சுச்சு. சேவல் கூவல.

"என்னடா, இன்னும் வீடு வந்து சேரலையா?"ன்னு சிரிச்சுக்கிட்டே மண்ண ஒடச்சு கைய விட்டாளாம். ஒரு கோழி, கல்லு மாதிரி. அடுத்தது, அதுவும் அப்படித்தான். ரத்தம் இல்ல. கீரி கடிச்ச காயம் இல்ல. கொண்டை மட்டும் செக்கச்செவேல்னு, உசுரோட இருந்தப்பகூட அப்படிச் செவந்ததில்லையாம். கூட்டுக்குள்ள இன்னும் சூடு இருக்கு. அப்ப குளிர்ல சாகல. பின்ன எதுல செத்துச்சு? கையில ஒட்டியிருந்த மண்ணப் பாத்தாளாம். மகளுக்குப் பூசுன அதே மண்ணு.

ஓடுனாளாம். முள்ளு பாக்கல, பனி பாக்கல, ஓடுனாளாம்.

குடிசை வாசல்ல சம்பந்தகாரி ஒச்சம்மா, குருவம்மாவோட மாமியா, நிக்கிறா. "ஏ கிறுக்கச்சி! தீட்டு வீட்டுல கை வைக்காத! பனி உள்ள போனா எம் பேத்தி செத்துருவா!"

"தள்ளு மயினி! உள்ள மூச்சு இல்ல மயினி!"

தள்ளிட்டு, நகத்தாலயே செவுத்தப் பேத்தாளாம்.

குருவம்மா இருமுனா. கண்ணத் தொறந்தா. புள்ள தொறக்கல. கன்னம் செவந்து, தூங்குற மாதிரியே இருந்துச்சாம்.

எந்திரிச்சவ கண்ணுக்கு என்ன தெரியும்? செவுத்துல ஓட்டை. ஓட்டை வழியா வர்ற பனி. மடியில செத்த புள்ள. "எம் புள்ளையக் குளிர்ல கொன்னுட்டியே ஆத்தா"ன்னாளாம்.

"பனி இல்லடி. நான் பூசுனதுதான்டி. வந்து கோழியப் பாருடி."

"மூடுனதும் நீதான், ஒடச்சதும் நீதான். இதுல எதுன்னா எனக்கென்ன?"

அதுதான் ஆத்தாகிட்ட மக பேசுன கடைசிப் பேச்சாம். சடைச்சி வாயும் அன்னிக்கோட அடங்கிருச்சாம்.

அப்புறம் வருசா வருசம், பனிக்கு ஊரு கூடு மெழுகுனா, அவ ஒரு குச்சியத் தூக்கிட்டு வீடு வீடா வருவாளாம். கூட்டு உச்சியில ஒரு ஓட்டை போடுவா, போயிருவா. "எங்க கோழி வெறைச்சுச் செத்தா உங்கப்பனா தருவான்?"னு ஏசுவாங்களாம். அவ அங்கிட்டுப் போனதும் இவங்க இங்கிட்டு அடைச்சிருவாங்க. ஒருத்தன் அப்படி அடைச்சு, உள்ள நெருப்பும் வச்சான். விடிஞ்சா அவன் கோழி மொத்தமும் கொண்டை செவந்து கெடக்கு. அதுக்கப்புறந்தான்டா ஊரு வாய மூடுச்சு. கூட்டுக்கும் ஓட்டை விட்டுச்சு, புள்ள பெத்த குடிசைக்கும் விட்டுச்சு.

மக வீட்டுக் கூட்டுக்கும் போவாளாம். மக கதவத் தொறக்க மாட்டா. ஆனா ஆத்தா போட்ட ஓட்டைய அடைச்சதும் இல்லையாம்.

கூட்டு உச்சியில கை நுழையிற அளவுக்கு ஓட்டை விடுறோம்ல, அதுக்கு சடைச்சி கண்ணுன்னு பேரு வந்தது இப்படித்தான். அதுல துணியத் திணிச்சா இந்த ஊர்ல சின்னப்புள்ள கூட ஏசும்.

போன தடவ இந்தக் கதைய சொன்னப்ப, கடைசில குருவம்மா ஓடி வந்து ஆத்தா மடியில விழுந்து அழுதான்னு சொன்னேன்ல? நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டது பொறுக்காம நானா சேத்துவிட்டது அது.

அவ வரலடா.