நாளோடு வயதையும் எண்ணிய எங்கள் ஜெகதீஸ்வரி சிஸ்ரருக்கு

அக்கராயன் வயல்வெளியில் பிறந்து, சத்திரசிகிச்சை விடுதியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் புண் துடைத்த பெருந்தகையே! கையில் கத்தரிக்கோலும் கண்ணில் கருணையும் வாயில் கண்டிப்பும் ஒருங்கே வாய்த்த எங்கள் தாதிய சகோதரியே! வணக்கம். கடந்த வெள்ளிக்கிழமை வாசித்திருக்க வேண்டிய மடல் இது. பிந்தியதற்குக் காரணம் தாங்கள்தான். அதைச் சபை அறியச் சொல்லியே தீருவோம்.

தங்கள் சேவையை நினைக்கும்போது எங்களுக்கு முதலில் நினைவு வருவது ஒரு பிழை. ஆம், தங்கள் பிழை! முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த யாகப்பு ஐயாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது, வயிற்றில் சத்திரசிகிச்சை. ஏழாம் நாள் தையல் இழை வெட்டுவது அன்றைய எங்கள் விடுதி வழக்கம். “பிள்ளை, மேலால வடிவாக் காய்ஞ்சிட்டுது. கோயில் கொடியேத்தத்துக்குப் போகோணும், வெட்டிவிடுங்கோ” என்று அவர் கெஞ்ச, தாங்களும் நாட்களை எண்ணி வெட்டிவிட்டீர்கள். மூன்றே நாளில், ஓர் இருமலோடு பிளந்த காயத்தை உடுத்திருந்த சாரத்தால் பொத்திப் பிடித்தபடி அவர் திரும்பி வந்தார். மேலே மூடிய தோலின் கீழே, முதிய தசை இன்னும் பிடித்திருக்கவில்லை.

“நான்தான் அவசரப்படுத்தினனான்” என்று ஐயா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். தாங்கள் விடவில்லை. “இல்லை ஐயா, பிழை என்ர. நான் நாளைத்தான் எண்ணினன், உங்கட வயசை எண்ணேல்லை” என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள். நாற்பத்தாறு நாட்கள் தாங்களே மருந்து கட்டினீர்கள். காயம் ஆறி மாறி, அவர் நடந்தே வீடு போனார்.

அன்றிலிருந்து எங்கள் விடுதியில் ஒவ்வொரு கட்டில் அட்டையிலும் வயது சிவப்பு மையில் பெரிதாக நின்றது. முதியவர்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக இழைகளை முதலில் வெட்டி, மிகுதியைப் பிறகு வெட்டினோம். பிளாஸ்ரரை இழுத்தால் மெலிந்த தோலும் கூடவே வருமென்று நனைத்து நனைத்துக் கழற்றப் பழக்கினீர்கள். சீனி வருத்தம் உண்டா, சுருட்டுப் பழக்கம் உண்டா என்று தவறாமல் விசாரித்தீர்கள்; வெறும் கஞ்சியோடு வந்த மகள்மாரை முட்டையும் மீனும் கொண்டுவரச் சொல்லித் துரத்தினீர்கள். “வயசு போனவையின்ர காயம் பிந்தித்தான் மாறும். பிந்துறதை மாறாதெண்டு நினைச்சுக் கைவிட்டிடாதேங்கோ” என்பீர்கள். எழுபது தாண்டினால் இனி என்ன என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது, சிஸ்ரர். அதை மாற்றியவர் தாங்கள்.

அப்படிப்பட்டவர் செய்த வேலையைச் சபையோரே கேளுங்கள்! ஓய்வுபெறும் அறுபதாவது வயதில் தங்களுக்கே வயிற்றில் சத்திரசிகிச்சை. ஏழாம் நாள் எங்களைக் கூப்பிட்டு, “பிள்ளையள், வெள்ளிக்கிழமை பிரியாவிடை விழாவில நான் எழும்பி நிண்டு கதைக்கோணும். மற்றவைக்குச் சொன்னதை விடுங்கோ, இழையை வெட்டுங்கோ” என்றீர்கள். எங்களில் இளையவரான தாதி நிதர்சனா முன்னால் வந்தார். தங்கள் கட்டில் அட்டையில் சிவப்பு மையில் இருந்த அறுபதைக் காட்டினார். தாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நாங்கள் விழாவைப் பிற்போட்டோம்.

அன்புடையீர்! நோயின்றி, நோவின்றி, நூறாண்டு நிறைவாக வாழ்க! சட்டமிட்ட இம்மடல் பாரமானது. எழுந்து வந்து வாங்க வேண்டாம், கதிரையிலேயே இருங்கள். நாங்களே அக்கராயனுக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டுகிறோம். தங்களுக்கு இன்னும் நான்கு இழைகள் மிச்சம். அவற்றை வெட்டவும் நாங்கள்தான் வருவோம், நாள் வந்த பிறகு.

இங்ஙனம்,
தங்களிடம் வயதை எண்ணக் கற்ற
சத்திரசிகிச்சை விடுதித் தாதியரும் ஊழியரும்