அமாவாசை வைத்தியம்

"எங்க வீட்டுக்காரரு இடுப்பு வலிக்கு அமாவாசைக்கு அமாவாசைதான்மா வைத்தியம்."

சின்ன காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"தறியிலயே குந்திக்கினு இருக்காத, அப்பப்போ எழுந்து நடன்னாரு. இவரு மாசம் பூரா குந்திக்கினுதான் இருக்காரு. அமாவாசைன்னா தறிக்கு லீவாச்சே, அன்னிக்குக் கட்டையாட்டம் படுத்துடுவாரு. எழுந்து நடய்யான்னா, லீவு நாள்லயும் வேலை வாங்கறியேன்னு என்னைத் திட்றாரு."

நிறுத்தம் வந்தது. முன்சீட்டுப் பெண் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"உனக்கும் வலியாம்மா?"

"பின்ன? அன்னிக்குத் தறிக்குத்தான் லீவு. படையலுக்கு வடை யாரு சுடறது? அதையும் அவரு படுத்துக்கினேதான் துன்றாரு."