கோணி ஊசி

— கையெழுத்துப் போட மாட்டேன் சார். இந்தத் தார்க் கலவை ஃபெயில்.

— செந்தமிழு, நீ லேப் இன்ஜினியரு, நான் மேனேஜரு. வெளிய லாரி நிக்குது. கலவை ஆறிட்டா கல்லாயிடும். ஃப்ரீயா விடும்மா.

— ஆறட்டும். தார நூலா இழுத்து நடுவுல வெட்டிப் பாத்தேன். பாலிமர் கலந்திருந்தா ரப்பராட்டம் திரும்பி இழுத்துக்கணும். இது செத்த பாம்பாட்டம் கெடக்குது.

— மூட்டை மூட்டையா கொட்டுனாங்களே, நீயும்தான பாத்த?

— பாத்தேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு ஒரு மூட்டையில கை விட்டு நாக்குல வச்சேன். உப்பு சார். கல்லுப்பு.

— மெதுவாப் பேசு. டிரைவருங்க காதுல விழும்.

— விழட்டும். உப்பு லாரி ஒழுகுற தண்ணிக்கும் வெயிலுக்கும் ரோடு தாங்கணும்னுதான் கவர்மெண்ட்டு பாலிமர் போடச் சொல்லுது. நீங்க அத வித்துட்டு மரக்காணத்து உப்பையே அள்ளிப் போடுறீங்க. மழை பேஞ்சா உப்பு கரையும், ரோடு சல்லடையாவும். பெருமுக்கல் வளைவுல அப்படித்தான பள்ளம் ஆச்சு?

— அது பழைய கதை. ஃப்ரீயா விடு.

— எங்க பக்கத்து ஊட்டு சுரேஷ் அண்ணன் அந்தப் பள்ளத்துலதான் பைக்கோட விழுந்தாரு. மண்டையத் தைக்கக்கூட வழியில்லாம வெள்ளத் துணியில சுத்திக் குடுத்தாங்க.

— குடிச்சிட்டு ஓட்டுனான்.

— அவரு டீ கூடக் குடிக்க மாட்டாரு. போலீசு வந்து கேக்கட்டும், அங்க சொல்லுங்க.

— கேக்கட்டும். அதுக்கு முன்ன இந்த மூட்டை வாயைப் பாரு. கம்பெனி மூட்டைன்னா மிஷின் தையல். இது கைத் தையல். முடிச்சு எல்லாம் எடது பக்கம். இந்தப் பக்கத்துல எடது கையால சாக்கு தைக்கிறது யாரு?

— எங்கம்மா.

— கொளஞ்சியம்மா பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. பாலிமர் கம்பெனி காலிச் சாக்கு குடுத்தேன், உப்பு கட்டித் தச்சுக் குடுத்துச்சு. தைக்கிறதுக்கு ஊர்ல வேற ஆளா இல்ல? நீ வேலைக்குச் சேந்த மறுநாளே உங்க ஊடு தேடி வந்தேன். ஏன்னு இப்பப் புரியுதா? பேனாவ எடு.

— நேத்து சோறு திங்கறப்ப, பாலிமர் மூட்டையில நீலக் கப்பல் படம் போட்டிருக்கும்னு பேச்சுவாக்குல சொன்னேன். அம்மா கை தட்டுலயே நின்னுடுச்சு.

— இன்னா சொல்ற?

— நாக்குல வச்சுப் பாருன்னு சொன்னதே அம்மாதான் சார். காலையிலயே போலீசு ஸ்டேசனுக்குப் போயிடுச்சு. சுரேஷக் கொன்னதுல நானும் ஒருத்தின்னு, கோணி ஊசியக் கையில எடுத்துக்கினு.