கடைசி ஆள்

எனக்குக் கைத்தடி பிடிக்கத் தெரியாது. தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு காவடிக்காரன் மாதிரி நடப்பேன். பின்னாலிருந்து வின்ஸ்டன் ஏதோ சொன்னார் என்று திரும்பினேன். தடியின் மறுமுனை அவர் நெஞ்சில் தட்டியது. பாறை இடுக்கில் சரிந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. அது விபத்து. மற்றது அப்படியல்ல.

வின்ஸ்டன் எங்கள் சபையின் மலையேற்றக் குழுத் தலைவர். சத்தியமங்கலத்துக்கு மேலே, யானைத் தடத்தையொட்டி நாலு மணி நேரச் செங்குத்து ஏற்றம். வந்த இருபது பேரும் வாரமெல்லாம் லிஃப்டில் ஏறிவிட்டு சனிக்கிழமை மட்டும் மலை ஏறுகிறவர்கள். வின்ஸ்டன் ஒரு படி மேல். கடிகாரத்தில் தன் நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் காடு அழகாக இருக்கிறதென்று சொல்வார்.

நான் கடைசி ஆள். அது ஒரு பதவி. எனக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. நான் கீழே வந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று. தனியாகத் தலை எண்ண மாட்டார்கள். தொப்பையின் தகுதியில் கிடைத்த அந்தப் பதவியை ஆறு வருடம் வகித்தேன். அன்று உச்சியில் வின்ஸ்டன் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார்: "அடுத்த தடவ ஞானாபரணம் அண்ணன் சத்தியமங்கலத்துலயே எளநி குடிச்சுட்டு உக்காந்திருக்கட்டுங்க. மலைக்கும் பாரம் கொறையும்."

எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை.

இறங்கும்போது என்னை விரட்டத்தான் அவர் பின்தங்கினார். மற்றவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். அப்போதுதான் என் தடி அவரைத் தட்டியது.

"அண்ணா, போயி நாலு பேரக் கூட்டிட்டு வாங்க."

"வாரேனுங்க."

எனக்கு இளகிய மனம். என் பங்கு முறுக்கையும் பாதித் தண்ணீரையும் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். காத்திருப்பது எப்படியிருக்கும் என்று ஒரு மணி நேரம் தெரியட்டும் என்று மட்டும் நினைத்தேன். காட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது. மேலே விசில் கேட்டது. ஆபத்துக்கு ஊதும் முறைப்படிதான் ஊதினார், மும்மூன்றாக.

கீழே இரண்டு வேன்கள். டிரைவர் கேட்டார்: "ஏனுங்ணா, எல்லாரும் வந்தாச்சுங்களா?"

"நானே வந்துட்டேன் கண்ணு. அப்புறமென்ன?"

நான் பொய் சொல்லவில்லை. இந்த வேனில் இல்லாதவர் அந்த வேனில் இருப்பார் என்று மற்ற புத்திசாலிகள் எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள்.

ராத்திரி அவர் மனைவி கிளாடிஸ் போன் செய்தார். "முன்னாடி வேன்ல வந்து காந்திபுரத்துல எறங்கியிருப்பாருங்க அம்மணி" என்றேன். இறங்கியிருப்பார் என்றுதான் சொன்னேன்; இறங்கினார் என்று சொல்லவில்லை. போலீஸ் காந்திபுரத்தில் தேடியது. அதற்குள் ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. இனிமேல் சொன்னால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தினேன்.

ஞாயிறு காலை ஆராதனையில், வின்ஸ்டனுக்காக ஜெபிக்க என்னைக் கூப்பிட்டார்கள். உருக்கமாகவே ஜெபித்தேன். திங்கட்கிழமை வனக்காவலர்கள் அவரைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள்.

அன்றிலிருந்து எல்லாரிடமும் ஒன்றைத்தான் கேட்கிறேன்: எப்போது போயிருப்பார்? "விழுந்த ஒடனேயே போயிருப்பாருங்க, மனச வருத்திக்காதீங்க" என்கிறார்கள். இந்த ஊரில் யாரும் யார் மனதையும் புண்படுத்த மாட்டார்கள். விழுந்த உடனே இல்லாவிட்டாலும், விசில் நின்ற உடனே போனார் என்றால், நான் வாய் திறக்காததால் என்ன கெட்டுப்போயிற்று?

எழுத்தில் தெரிந்துகொள்ள விரும்பினேன். அதற்காக இன்ஸ்பெக்டர் பிரவீனாவிடம் இவ்வளவையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"விசில் நின்ன ஒடனே போயிருப்பாருல்லீங்க?" என்றேன்.

அவர் பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்லீங்க. மழையில நனஞ்சு, குளுருல வெறச்சு, ஞாயித்துக்கெழம சாயங்காலந்தான். நீங்க ஜெபம் பண்றப்ப உசுரோடதான் இருந்தாருங்க."