மாப்பிள்ளை மாவு

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை மாற்றிக்கொள்வது நல்லது, இன்ஸ்பெக்டர். பின்கால் வளைவில் வெள்ளை பூத்திருக்கிறது. உடைவதற்கு முன்னால் பிளாஸ்டிக் அப்படித்தான் வெளுக்கும். இருபத்திரண்டு வருஷம் பிளாஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நம்பலாம்.

இறந்தவன் என் மனைவியின் தம்பி. ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவனை, யார் யார் கையையோ காலையோ பிடித்து எங்கள் கூடத்தில் சேர்த்துவிட்டது நான்தான். வேலை கிட்டத்தட்ட அதேதான். இரண்டு இரும்பு உருளைகள், நூற்றெழுபது டிகிரி சூட்டில், ஒன்றை நோக்கி ஒன்று சுழலும். நடுவில் எண்ணெய் கலந்த பிளாஸ்டிக் பிசின் தூளைப் போட்டால் உருகி, உருளையைத் தோல் மாதிரி சுற்றிக்கொள்ளும். அதைக் கத்தியால் கீறி, மடித்து, திரும்ப உள்ளே தள்ள வேண்டும். எட்டு நிமிஷம் ஆனதும் தகடாக உரித்தெடுப்போம். உருளைக்கு முன்னால் ஒரு சிவப்புக் கம்பி இருக்கும். கை மாட்டினால் இடுப்பால் அதைத் தள்ளினாலே போதும், மெஷின் நின்றுவிடும்.

கடுங்குளிரிலும் விரிசல் விடாத ஒரு பிசினுக்காக மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். நூற்று நாற்பது கலவைகள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டினால் எல்லாம் முட்டை ஓடாக நொறுங்கின. இவன் வந்த மூன்றாம் நாள் தலையைச் சொறிந்துகொண்டே, "மாமா, எண்ணெய ஊத்தின கையோட உருளைல போடாதீங்க. மாவு கொஞ்ச நேரம் ஊறட்டும்" என்றான். ஊறவிட்டோம். அடுத்த தகடு சுத்தியலால் அடித்தும் விரிசல் விடவில்லை.

நான் அவனை மாப்ள என்று கூப்பிடுவேன். அதனால் கூடத்தில் எல்லோரும் அந்தப் பிசினுக்கு மாப்பிள்ளை மாவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். இயக்குநர் வாயிலும் அதேதான். வீட்டில் மனைவி, "மூணு வருஷமா நீங்க தேடினத என் தம்பி மூணே நாள்ல புடிச்சிட்டான், பாத்தீங்களா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மதியம் பெரிய அதிகாரிகளுக்குக் காட்ட ஒரு தகடு வேண்டியிருந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவன் தொந்தி கம்பியில் இடித்து மெஷின் பாதியில் நின்றது. நின்ற உருளையில் பிசின் கருகிப்போகும். "என்ன மாமா பண்றது, எல்லாம் அக்கா சோறு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். வியாழக்கிழமை காலை அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் கம்பிக்குப் பின்னால் இருந்த ஒயரைக் கழற்றிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் கை நடுங்கும், தகடு சீராக வராது.

மற்றவர்கள் கூட்ட அறையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். ஆறாவது நிமிஷம் அவன் வலது கையுறையின் நுனி பிசினில் ஒட்டிக்கொண்டது. முதலில் அவன் பதறவில்லை. இடுப்பால் கம்பியைத் தள்ளினான். மறுபடியும் தள்ளினான். அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, நிக்கல. மெயின அணைங்க."

விரல்கள் நொறுங்கியது கேட்டது. மணிக்கட்டில் உருளை ஒரு கணம் திணறியது. நல்ல மோட்டார், சமாளித்துக்கொண்டது. முழங்கையும் உள்ளே போனபோது அவன் முகம் உருளையில் பட்டது. தோல் வெந்து பிசினோடு உரிந்து வந்தது. அதற்கப்புறம் அவன் மாமா என்று கூப்பிடவில்லை, அக்கா என்றுதான் கத்தினான். மெயின் சுவிட்ச் என் முதுகுக்குப் பின்னால், நாலு எட்டு தூரம். நான் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி. பாதியில் நிறுத்தினால் பிசின் கருகிவிடும் என்றுதான் சொன்னேனே. எட்டு நிமிஷம் ஆனதும் போய் அணைத்தேன். ஓடவில்லை, தரை வழுக்கியது. அவன் கத்துவதை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

மனைவியிடம், பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசி நேரத்துல நீங்களாவது கூட இருந்தீங்களே" என்றாள்.

உங்கள் மேசையில் இருப்பது எங்கள் கூடத்து விதிப்புத்தகம். பதினான்காம் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறீர்கள். பிசையும் மாவில் ஒரு நூலிழை விழுந்தாலும் அது வீண், உடனே நிறுத்திக் கொட்டிவிட வேண்டும் என்று அதில் இருக்கும். எழுதியது நான்தான், கையெழுத்தும் என்னுடையதுதான். அவன் கையுறை உள்ளே போன நொடியிலேயே அந்த மாவு குப்பை. அது எனக்கு அப்போதே தெரியும்.

ஒயரைக் கழற்றியது நான். சுவிட்சை அணைக்காமல் நின்றதும் நான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த இரண்டு நிமிஷம் நான் பிசினுக்காகத்தான் காத்திருந்தேன். அதை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.