கணக்குல வராத பக்கம்

இல்ல இல்ல, அந்த நாற்காலி வேணாம் டாக்டரம்மா, அது ஆடும். இதுல உக்காருங்க. உள்ள விழாவுக்கு இப்பத்தான் மைக்கு கட்டிக்கிட்டிருக்காங்க, இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும். நானா? இந்த மருத்துவ இதழ் ஆபீசுல கடிதம் அடிக்கிறது, கட்டுரையில பிழை திருத்துறது, ஃபோன் எடுக்கிறது எல்லாம் நான்தான். இருபது வருஷமா இருக்கேன், எங்க ஆசிரியர் சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்கறேன். வாட்ச்மேனைக் கட்டிப்பிடிச்சிட்டாரு! அந்த ஆளு பயந்துட்டாரு பாவம்.

பின்ன இருக்காதா? எங்க இதழோட மதிப்பெண், அதான் இம்பாக்ட் ஃபாக்டர், மூணைத் தாண்டிருச்சே! நாங்க போட்ட கட்டுரைகளை மத்தவங்க எத்தனை தடவை மேற்கோள் காட்டினாங்களோ, அதைக் கட்டுரை எண்ணிக்கையால வகுக்கணும், அவ்வளவுதான். போன வருஷம் வரைக்கும் புள்ளி எட்டு. அந்தப் புள்ளியைப் பாத்துப் பாத்தே மனுஷன் பாதியாயிட்டாரு. இப்ப என்னடான்னா, மாசத்துக்குப் பத்து கட்டுரை வந்த இடத்துல வாரத்துக்கு நூறு வருது. என் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குது, போங்க!

எல்லாம் உங்க ஒத்தைப் பக்கம் பண்ண வேலை. மணிச்சத்தம் கேட்டா மயங்கி விழற மூணு பிள்ளைங்க, வலிப்புன்னு மாத்திரை குடுத்துட்டிருக்காங்க, கோளாறு இதயத்துலன்னு ஈசிஜி எடுத்துக் காட்டினீங்களே! முந்நூத்திப் பன்னெண்டு பேரு மேற்கோள் காட்டியாச்சு. ஆசிரியர் இன்னைக்கு மேடையில பேசுவாரு பாருங்க, முதல் வரியைப் படிச்சப்பவே இதோட அருமை எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு. தயவுசெஞ்சு என் பக்கம் திரும்பாதீங்க, நான் சிரிச்சிருவேன்.

என்னது? நாலு பக்கத்தை ஏன் ஒரு பக்கமாக்கச் சொன்னாருன்னா? இருங்க, கதவைச் சாத்திட்டு வரேன்.

அவரு எங்க சொன்னாரு! நான் சொன்னேன். அவர் பேர்ல உங்களுக்கு மெயில் போட்டதும் நான்தான். அட, முறைக்காதீங்க! வெறும் மூணு நோயாளி, இதை எவன் மேற்கோள் காட்டுவான், நம்பரை இறக்கிரும், திருப்பி அனுப்புன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டாரு. திருப்பி அனுப்புற கடிதத்துல தலைப்பைச் சரியா அடிக்கணுமேன்னு உங்க கட்டுரையைத் திறந்தேன். திறந்தவ மூட முடியல.

அப்புறம்தான் வாசகர் கடிதப் பகுதி ஞாபகம் வந்துச்சு. வகுக்கிறப்போ கட்டுரை எண்ணிக்கையில கடிதங்களைச் சேக்கமாட்டாங்க. கணக்குல வராத பக்கம்னு இவரு அதைத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு, நான் எதை நிரப்பினாலும் அச்சுக்குப் போயிரும். அங்க ஒரு பக்கத்துக்குத்தான் இடம், அதான் உங்களைச் சுருக்க வெச்சு சொருகிட்டேன்! ஆனா வேடிக்கையைக் கேளுங்க. அந்தக் கடிதத்தை யாராவது மேற்கோள் காட்டினா மட்டும் சேத்துப்பாங்க. கீழ வகுக்கிற எண்ணுல ஒண்ணுகூட ஏறல, மேல மேற்கோள் முந்நூறு ஏறிருச்சு!

கேக்காம இருப்பாரா? அந்த இதழைத் தூக்கிட்டு வந்து, இது எப்ப வந்துச்சுன்னு கேட்டாரு. நீங்க தேர்ந்தெடுத்ததுதானே சார்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சாரு. ஆமா, ஆமான்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு! நீங்க வாய் தவறிச் சொல்லிராதீங்க, என் சீட்டு கிழிஞ்சிரும்.

யாரோ ஒரு டாக்டரோட கட்டுரைக்கு எதுக்கு இவ்வளவு துணிச்சலா? அட, அது ஒண்ணுமில்ல. மைக்கு டெஸ்ட் பண்றாங்க, வாங்க போலாம். பையை மறந்துராதீங்க.

என் பொண்ணுக்காகத்தான், டாக்டரம்மா. ஃபோன் அடிச்சா விழுந்துருவா. ரெண்டு வருஷமா வலிப்பு மாத்திரைதான் குடுத்துட்டிருந்தேன். உங்க கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு மறுநாளே இதய டாக்டர்கிட்ட ஓடினேன். அங்க வெளிய உக்காந்திருந்தப்பதான் தோணுச்சு, இது நம்ம வீட்டுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமான்னு. இப்ப மாத்திரையை மாத்தியாச்சு, நல்லா இருக்கா. வீட்டுல அலாரம் மட்டும் வெக்கிறதில்ல. காலையில நான்தான் பாதத்தைத் தொட்டு எழுப்புவேன். இன்னைக்கும் எழுப்பினேன், இன்னும் அஞ்சு நிமிஷம்மான்னா. பத்து நிமிஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.